ஒப்புதல் கிடைத்த நிறுவன இணைப்பும் கிடைக்காத இணைப்பும்: மும்பையில் ஒரு செல்பேசிச் சந்தாதாரரின் நீண்டகால அனுபவம்

மும்பை வட்டத்தில் (தொலைத்தொடர்பு உரிமம் வழங்கப்படும் பகுதிக்கு வட்டம் என்று பெயர்) 1995-ஆம் ஆண்டு செல்பேசிச் சேவை தொடங்கியபோது களத்தில் இருந்தவை பிபிஎல், ஹட்சிசன் மேக்ஸ் ஆகிய இரண்டே நிறுவனங்கள். இரண்டாவது நிறுவனம் மேக்ஸ் டச், ஆரஞ்ச், ஹட்ச், வோடஃபோன் என்று பெயர் மாறிக்கொண்டே வந்து, 2018 ஆகஸ்ட் 31 அன்று ஐடியாவுடன் இணைந்து, 2020 செப்டம்பரில் 'வி' ஆயிற்று. முதலாவது, 2009-இல் லூப் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தன்னை ஏர்டெல்லுக்கு விற்க முயன்று, அரசின் ஒப்புதல் கிடைக்காமலேயே 2014 நவம்பரில் உரிமக் காலம் முடிந்து மறைந்தது. ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டில், ஒன்று ஒப்புதலைப் பெற்று உருமாறியது. மற்றொன்று அதைப் பெறாமல் அழிந்தது. இரண்டு காலங்களிலும் இந்நகரில் செல்பேசி பயன்படுத்தியவன் என்ற முறையில், இத்தகைய ஒப்புதல்கள் சந்தாதாரருக்கு என்ன செய்தன, எதைச் செய்யத் தவறின என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நாங்கள் செம்பூரில் வசிக்கிறோம். உறவினர்களில் பாதிப் பேர் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டு எண்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை வெவ்வேறு நிறுவன இணைப்புகளுக்குள் போய் வந்தவை. ஒரு வீட்டின் அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது என்பதால், சொந்த அனுபவத்தைச் சொல்லும் இடங்களில் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் ஒப்புதல் என்பது என்னவென்று பார்த்துவிடலாம். வோடஃபோன் - ஐடியா இணைப்பு 2017 மார்ச் 20 அன்று அறிவிக்கப்பட்டது. அந்த ஜூலையில் இந்தியப் போட்டி ஆணையம் இசைவு தந்தது. பின்னர் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, பங்குச் சந்தைகள், பங்குதாரர்கள், கடன் கொடுத்தவர்கள், தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் என்று கோப்பு ஒவ்வொரு படியாக ஏறிக் கடைசியில் தொலைத்தொடர்புத் துறையிடம் வந்து நின்றது. 2014-இல் அத்துறை வெளியிட்ட இணைப்பு விதிகளின்படி, எந்த ஒரு வட்டத்திலும் இணைந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கு, சந்தாதாரர் எண்ணிக்கையிலும் சரி, வருவாயிலும் சரி, 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓராண்டுக்குள் குறைத்துக்கொள்ள வேண்டும். அலைக்கற்றைக்கும் உச்சவரம்பு உண்டு. மொத்தத்தில் 25 சதவீதம் என்றிருந்த அந்த வரம்பு 2018 மார்ச்சில் 35 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் வந்த நிபந்தனை ஒப்புதலில் எல்லாரும் பேசியது அரசு கேட்ட பணத்தைப் பற்றித்தான்: ஏறத்தாழ 3,926 கோடி ரூபாய் ரொக்கம், 3,342 கோடி ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம். நிறுவனங்கள் தங்கள் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டுக் கட்டின. மாத இறுதியில் இறுதி ஒப்புதல் வந்தது.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து இணைப்பு முடிந்த நாள்வரை பதினேழு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. ஒரு சந்தாதாரராக நான் அறிந்தவரை, எந்த இணைப்பிலும் மிகவும் கடினமான காலம் இந்தக் காத்திருப்புக் காலந்தான். ஒப்புதல் கிடைக்கும்வரை இரண்டு நிறுவனங்களும் போட்டியாளர்களாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பது போட்டிச் சட்டத்தின் விதி. அது சரியான விதியும்கூட. ஆனால் நாளை இன்னொருவருடன் ஒன்றாகப் போகிற நிறுவனம் இன்றைக்கு ஒரு தெருவுக்காகப் புதிய கோபுரம் போட எவ்வளவு முனையும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம். எங்கள் எண் ஒன்று இப்படிக் காத்திருந்த மாதங்களில், மாட்டுங்காவில் நாங்கள் வழக்கமாகப் போகும் சேவை மையம் மூடப்பட்டது. வேறொரு மையத்துக்குப் போய்க் கேட்டபோது, அங்கிருந்த பெண் மிகுந்த மரியாதையோடு, இணைப்பு முடிந்த பிறகுதான் தங்களுக்கே தெரியும் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய வேலை நிலைக்குமா என்பதே அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

இணைப்பு நடந்தேறிய பிறகு, எண் மாறவில்லை, சிம் அட்டையை மாற்றச் சொல்லவில்லை, கணக்கில் இருந்த இருப்புத் தொகையும் போகவில்லை. இது சிறிய நன்மையன்று. வங்கி, ஆதார், எரிவாயு, பிள்ளைகளின் பள்ளி என்று வாழ்க்கை முழுவதும் அந்தப் பத்து இலக்கங்களில் கட்டப்பட்டிருக்கும்போது, எண் அசையாமல் நின்றதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். திருநெல்வேலிக்கு ரயிலில் போகும்போது வழியில் சிக்னல் கிடைக்கும் இடங்களும் முன்பைவிடக் கூடின.

குறைகள் வேறு இடத்தில் வந்தன. இரண்டு நிறுவனங்களின் கோபுரங்களையும் அலைக்கற்றையையும் ஒன்றாக்கும் பணி தெருத்தெருவாக நடந்த மாதங்களில், எங்கள் வீட்டுச் சமையலறையில் அழைப்பு ஒருவழிப் பாதையானது: அம்மா பேசுவது ஊரில் இருக்கும் சித்திக்குக் கேட்கும், சித்தி பேசுவது அம்மாவுக்குக் கேட்காது. திரையில் சிக்னல் கோடுகள் முழுமையாகத்தான் இருக்கும். வங்கியின் ஓடிபி, பணம் செலுத்தும் பக்கம் காலாவதியான பிறகு வந்து சேரும். புகார் செய்தால், உங்கள் பகுதியில் மேம்பாட்டுப் பணி நடக்கிறது என்று குறுஞ்செய்தி வரும். எப்போது முடியும் என்பது அதில் இருக்காது. இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது, வாடிக்கையாளர் சேவை எண்ணில் முன்பு தமிழைத் தேர்வு செய்ய இருந்த வசதி இணைப்புக்குப் பின் காணாமற்போனது. அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே சரளம். அதுவரை தன் கணக்கைத் தானே கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு நான் வேலையிலிருந்து திரும்பும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவை எதுவும் ஒப்புதல் அளிப்போரின் கணக்கில் வருவதில்லை. அவர்கள் வட்டத்தை ஓர் அலகாக எடுத்துக்கொள்கிறார்கள். நவி மும்பையும் கல்யாணும் சேர்ந்த இந்த மும்பை வட்டத்தில் சந்தைப் பங்கு இத்தனை சதவீதம் என்றால், அது மலபார் ஹில்லையும் தாராவியையும் ஒன்றாகப் போட்டு எடுத்த சராசரி. தகரக் கூரைகளும் மூன்றடிச் சந்துகளும் நிறைந்த இடத்தில் ஒரு கோபுரம் குறைந்தால் என்ன ஆகும் என்பது அந்தச் சராசரியில் தெரியாது. சந்தைப் பங்கைக் கணக்கிடுவது தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. அரசுக்குச் சேர வேண்டிய நிலுவைக்கு வங்கி உத்தரவாதம் கேட்கத் தெரிந்த அதிகாரம், சந்தாதாரருக்குச் சேர வேண்டிய சேவைக்கும் ஓர் உத்தரவாதம் கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஆனால் ஒப்புதலே கிடைக்காவிட்டால் நேர்வது இதைவிடக் கொடுமையானது. லூப் நிறுவனத்தை ஏறத்தாழ 700 கோடி ரூபாய்க்கு வாங்க 2014 பிப்ரவரியில் ஏர்டெல் ஒப்பந்தம் செய்தது. துறையின் ஒப்புதல் வரவில்லை. நவம்பர் தொடக்கத்தில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அம்மாத இறுதியில் உரிமம் முடிந்தது. முப்பது லட்சம் அளவிலான சந்தாதாரர்கள் சில வாரங்களுக்குள் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றியாக வேண்டும் என்ற நிலை.

தாராவி 90 அடி சாலையில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் அந்நாட்களில் மாலை நேரங்களில் நான் கூடமாட உதவியாக இருந்தேன். படிக்கத் தெரியாதவர்கள் செல்பேசியை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவர் 'போர்ட்' என்று தட்டி, எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்புவார். பதிலாக வரும் எட்டு எழுத்துக் குறியீட்டை, கடன் கணக்கு எழுதும் நீள நோட்டில் பெயருக்கு நேராக எழுதி அடிக்கோடிடுவார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சிம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய ஆவணம் வேண்டும். தோல் பட்டறையில் வேலை செய்யும் பையன்களில் பலர், மும்பைக்கு வந்த புதிதில் ஒரே அறையில் தங்கியிருந்த யாரோ ஓர் அண்ணன் பெயரில் எண் வாங்கியவர்கள். அந்த அண்ணன் ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். "தம்பி, இவனுக்கு நம்பர் போச்சுன்னா ஊர்ல அம்மாவுக்கு இவனைப் பிடிக்க வேற வழியே கிடையாது" என்று அண்ணாச்சி ஒரு பையனைக் காட்டிச் சொன்னார். அந்த எண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. ப்ரீபெய்டு கணக்கில் இருக்கும் தொகை புதிய நிறுவனத்துக்கு மாறாது என்பது எண் மாற்றும் விதியிலேயே உள்ளது. ஆகவே மாறியவர்களிலும் இருப்பு வைத்திருந்தவர்கள் அதை இழந்தார்கள்.

இதே கதை இன்னும் பெரிய அளவில் தமிழ்நாட்டில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் ஏர்செல் இணையும் என்று 2016 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டு, சட்டச் சிக்கல்களிலும் ஒப்புதல் தாமதங்களிலும் சிக்கி, 2017 அக்டோபர் தொடக்கத்தில் அது முறிந்தது. அடுத்த பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் சேவை தடைபட்டது. எண்ணை மாற்றிக்கொள்ள இலட்சக்கணக்கானோர் அலைந்தார்கள். அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது.

ஆகவே ஒப்புதலைத் தாமதப்படுத்துவதே சந்தாதாரருக்குப் பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது. அதே வேளையில், ஒப்புதல் தந்துகொண்டே போனதன் விளைவையும் நாம் ஒவ்வொரு ரீசார்ஜிலும் பார்க்கிறோம். செல்பேசிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ள, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விட்டுவைத்திருக்கிறது. போட்டியாளர்கள் பலர் இருந்தவரை அந்த ஏற்பாடு நமக்குச் சாதகமாக இருந்தது. 2024 ஜூலை தொடக்கத்தில், எஞ்சியிருந்த மூன்று தனியார் நிறுவனங்களும் ஓரிரு நாள் இடைவெளியில் ஏறத்தாழ 11 முதல் 25 சதவீதம்வரை கட்டணத்தை உயர்த்தின. வேறு எங்கே போவது என்று யோசித்தால், போவதற்கு இடம் அதிகம் இல்லை. ஒப்புதல் தந்த அரசே, நிலுவைத் தொகைகளைப் பங்குகளாக மாற்றிக்கொண்டதால், 2025 ஏப்ரல் முதல் வோடஃபோன் ஐடியாவில் 48.99 சதவீதப் பங்கை வைத்திருக்கிறது. விதி வகுப்பவரும் பெரும் பங்குதாரரும் ஒருவரே என்ற நிலையில், சந்தாதாரரின் நலனைத் தனியாகக் கவனிக்கும் பொறுப்பு டிராயின் மேல் முன்பைவிடக் கூடுதலாக விழுகிறது.

2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத்தர விதிகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன. எங்கெங்கே எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்கள் வெளியிட வேண்டும்; மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் தடைபட்டால் போஸ்ட்பெய்டு சந்தாதாரருக்கு வாடகைக் கழிவும், ப்ரீபெய்டு சந்தாதாரருக்குக் காலநீட்டிப்பும் தர வேண்டும். இனி வரும் எந்த இணைப்புக்கும், இணைப்புக்கு முந்தைய வரைபடத்தையும் ஓராண்டுக்குப் பிந்தைய வரைபடத்தையும் வார்டு வாரியாக வைத்து ஒப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். எங்கள் சமையலறையும் 90 அடி சாலையும் அதற்குள் வந்துவிடும்.

இப்போது நடுவழியில் நிற்பது, தில்லியிலும் மும்பையிலும் சேவை தந்துவந்த அரசு நிறுவனமான எம்டிஎன்எல். அதனை பிஎஸ்என்எல்லுடன் இணைக்க மத்திய அமைச்சரவை 2019 அக்டோபரிலேயே கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. கடன் சுமை காரணமாக அது தள்ளிப்போக, 2025 ஜனவரி முதல் தில்லியிலும் மும்பையிலும் சேவையை நடத்தும் பொறுப்பை மட்டும் பிஎஸ்என்எல் ஏற்றிருக்கிறது. அந்த எண்ணை இன்னும் வைத்திருக்கும் மும்பைத் தமிழர்கள், குறிப்பாக முதியவர்கள், கணிசமானவர்கள். அவர்களுக்கும், இணைப்புப் பேச்சு எழும் எந்த நிறுவனத்தின் சந்தாதாரருக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான்: எண் உங்கள் பெயரில், இன்றைய முகவரியோடு பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே சேவை மையத்தில் கேட்டு, இல்லையெனில் அவர்கள் கேட்கும் ஆவணங்களைத் தந்து மாற்றிக்கொள்ளுங்கள், நிலைமை தெளியும்வரை ப்ரீபெய்டு கணக்கில் நீண்டகாலத் திட்டம் எதையும் போட வேண்டாம்.