மட்டக்களப்பில் நடக்கும் போதகர் வகுப்பு: காசு கட்டிப் போகலாமா?

திருக்கோவில் பக்கம் சின்னச் சபை ஒன்றை நடத்துகிற போதகரின் மனைவி நான். சனம் பாஸ்டரம்மா என்று கூப்பிடும். எங்கள் சபையில் இருப்பது பெரும்பாலும் மீன்பிடிக் குடும்பங்களும் வயல் கூலிக்குப் போகிறவர்களும். மட்டக்களப்பு டவுனில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சபைத் தலைவர்களுக்கென்று ஒரு வகுப்புத் தொடர் நடக்கிறது. பல சபைக்காரர் சேர்ந்து நடத்துவது. போன தொடருக்கு என் கணவரோடு நானும் போனேன். அதிலிருந்து "அக்கா, நாங்களும் போகலாமா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு சொல்லில் பதில் சொல்ல ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். ஒரு நாளுக்கு ஆளுக்கு 1,000 ரூபா, மத்தியானச் சாப்பாடும் இரண்டு தரம் பிளேன்டீயும் சேர்த்து. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு நாள் கட்டித்தயிரும் வைத்தார்கள். ஆனால் எங்களைப் போல அம்பாறைக் கரையோரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணத்தைவிட பஸ் காசுதான் கணக்கு. அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி என்று வந்து கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் பாதிச் சக்தி போய்விடும். ஒன்பது மணிக்குத் தொடங்கும் என்று போட்டிருப்பார்கள். பாட்டு, ஜெபம், வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் முடிய பத்தரை. வெள்ளன எழும்பி ஓடி வந்தவர்கள்தான் பாவம்.

படிப்பித்ததில் எனக்கு முதலிடம் கணக்கு வகுப்புக்குத்தான். பிரசங்கம் பண்ணத் தெரிந்தவர்கள் எங்கள் பகுதியில் நிறையப் பேர், காணிக்கைப் பையை ஒழுங்காக எண்ணி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. அதை எடுத்தவர் போதகர் இல்லை, வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு சபை மூப்பர். சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆராதனை முடிந்த கையோடு, ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர், எல்லாருக்கும் தெரிகிற மேசையில் வைத்து எண்ண வேண்டும். தொகையைக் கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அந்தக் காசை அப்படியே வங்கியில் போட வேண்டும், வழியில் கரண்ட் பில் கட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவது கூடாது. கணக்கு சபையின் பெயரில் இருக்க வேண்டும், எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். போதகருக்கு எவ்வளவு என்று சபை முடிவெடுத்து, சின்னத் தொகையானாலும் மாதம் ஒருமுறை வவுச்சர் போட்டுக் கொடுக்க வேண்டும். காணிக்கைப் பையே போதகரின் பணப்பை ஆகக் கூடாது. 2 கொரிந்தியர் 8:20, 21 ஐக் காட்டினார். எருசலேமுக்குக் கொண்டுபோகும் தர்மப் பணத்தைப் பவுல் தனியே தூக்கிக்கொண்டு போகவில்லை, யாரும் குறை சொல்ல இடம் வராதபடி கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்.

வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாஸ்டர் எழும்பி, "எங்கட சபையில மொத்தமே இருபது பேர். ஞாயிறு காணிக்கை மூவாயிரம் வந்தா பெரிய விஷயம். இதுக்கும் வவுச்சரா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூப்பர் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெளிநாட்டிலிருந்து மூன்று லட்சம் வந்தா எந்தக் கொப்பியில எழுதுவீங்க?" என்று திருப்பிக் கேட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் உதவிக் காசு வந்த வேகத்தையும், அதனால் சொந்த அண்ணன் தம்பி பேசாமல் போனதையும் கண்ட நாங்கள் யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

நுண்கடன் பற்றியும் அவரே கதைத்தார். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை பெண்கள் ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுத்து மாட்டிக்கொண்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்: விசுவாசியின் கடனுக்குப் போதகர் பிணைக் கையெழுத்துப் போடக் கூடாது, கடன் வசூல் கூட்டத்துக்குச் சபை மண்டபத்தைக் கொடுக்கக் கூடாது, காணிக்கையிலிருந்து கைமாற்றும் கொடுக்கக் கூடாது. உதவுவதானால் அந்த அக்காவோடு உட்கார்ந்து எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, எதை முதலில் முடிப்பது என்று பாருங்கள் என்றார். மூன்றாவது விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரவில் வாசலில் வந்து நிற்கிறவளிடம் வவுச்சர் கேட்க என்னால் முடியாது. அவசர உதவிக்கென்று தனியாக ஒரு சின்ன நிதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

அடுத்தது நோய் பற்றிய வகுப்பு. ஓய்வுபெற்ற தாதி ஒருவர் எடுத்தார். இந்த ஒரு நாளுக்காகவே முழுத் தொடருக்கும் காசு கட்டலாம்.

யாக்கோபு 5:14 இல் எழுதியிருக்கிறபடி எண்ணெய் பூசி ஜெபியுங்கள், தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு ஒரு அதிகாரமும் இல்லை என்று தொடங்கினார். காசநோயை எடுத்து விளக்கினார். சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். சில கிழமைகளிலேயே இருமல் குறையும், உடம்பு தேறும். அந்த நேரத்தில்தான் ஆள் சபையில் எழும்பி "கர்த்தர் சுகம் தந்தார்" என்று சாட்சி சொல்வார், எல்லாரும் கைதட்டுவார்கள், அவரும் மாத்திரையை விட்டுவிடுவார். மறுகா நோய் திரும்பி வரும்போது பழைய மருந்துக்குக் கேட்காத கிருமியாக வரலாம், வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். சாட்சி சொல்ல வருகிறவரிடம் போதகர் முதலில் "கிளினிக்கில என்ன சொன்னாங்க? மருந்து முடிஞ்சுதா?" என்று கேட்க வேண்டும் என்றார். வலிப்பு வருகிற பிள்ளையைப் பிசாசு பிடித்தது என்று பிடித்து அமுக்குவது, இன்சுலினை விட்டுவிட்டு உபவாசம் இருக்க வைப்பது, இதெல்லாம் பெயர் சொல்லாமல் வந்தது. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் மருந்துதான் சொன்னார், கூடவே லூக்கா என்ற வைத்தியரையும் வைத்திருந்தார் என்று அவர் முடித்தபோது, பின் கதிரைகளில் இருந்த சில பெரியவர்களின் முகம் இறுகிப்போனது. இறுகட்டும்.

தற்கொலை பற்றியும் அவர்தான் பேசினார். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. கடும் நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஆகவே வயல் செய்கிற வீட்டில் ஒருவர் மனமுடைந்து இருந்தால், ஜெபித்துவிட்டு வரும்போது பூச்சிமருந்துப் போத்தல் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, அதை வேறு வீட்டுக்கு அப்புறப்படுத்தச் சொல்லுங்கள் என்றார். "சாகணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. தேசிய மனநல உதவி இலக்கம் 1926 ஐ எல்லாரையும் அந்த இடத்திலேயே போனில் பதியச் சொன்னார். சிறுவர் துஷ்பிரயோகத்துக்கு 1929. அதில் அவர் கொஞ்சமும் இளகவில்லை. "சபைக்குள்ளயே மன்னிப்புக் கேட்க வச்சு முடிச்சிட்டம் எண்டு சொல்றது முடிச்சது இல்ல, மறைச்சது" என்றார்.

இந்த இடத்தில் என் பெரிய குறையைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தாதி பேசிக்கொண்டிருந்த நேரம் சாப்பாட்டு நேரத்துக்கு முந்தியது. போதகர்களின் மனைவிமாரைச் சோறு போட வரும்படி குசினிப் பக்கமிருந்து கூப்பிட்டார்கள். பதிவுப் படிவத்திலும் எங்களுக்கு நிரல் இல்லை, என் பெயருக்கு நேரே "உதவி" என்று எழுதியிருந்தது, அதே 1,000 ரூபாவை நானும் கட்டியிருந்தேன். இரவில் கதவைத் தட்டுகிறவளுக்குக் கதவு திறப்பது யார்? புருஷன் அடித்த காயத்தைப் பாஸ்டரிடம் காட்ட முடியாமல் என்னிடம் காட்டுகிறவள் எத்தனை பேர்? அந்த வகுப்பு எனக்குத்தான் முதலில் தேவை. நான் எழும்பவில்லை. கிரானிலிருந்து வந்த இரண்டு அம்மாக்களும் என் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டார்கள். அன்று சோறு அரை மணித்தியாலம் பிந்தியது, ஒருவரும் பசியில் விழவில்லை.

ஆவிக்குரிய வகுப்புகள் ஏற்ற இறக்கம். ஜெப வாழ்க்கை, பரிசுத்தம், அழைப்பு என்று தலைப்புகள் பெரிதாக இருக்கும், நடப்பது இன்னொரு பிரசங்கம். விதிவிலக்கு, எலியா தீர்க்கதரிசியைப் பற்றி ஒரு மூத்த போதகர் பேசியது. 1 இராஜாக்கள் 19 இல் சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்டவரிடம் தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். களைத்துப்போன ஊழியக்காரனுக்கு முதலில் தேவை நித்திரையாக இருக்கலாம் என்றார். என் கணவர் அதற்கு அடுத்த வகுப்பில் நன்றாக நித்திரை கொண்டார், நானும் எழுப்பவில்லை.

ஆனால் அதே நாள் பின்னேரம் வேறொருவர் வந்து, 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட்டை முன்மாதிரியாக நிறுத்தினார். பள்ளிக்கூடங்கள் தொடங்கினார், ஓயாமல் உழைத்தார், வந்து ஒரு வருடம் முடியுமுன் 1815 இல் இங்கேயே இறந்துபோனார், அப்படி எரிந்து தீர வேண்டும் என்றார். அந்த மனிதர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, மெதடிஸ்த மத்திய கல்லூரி அவரிலிருந்து வந்ததுதான். ஆனாலும் காலையில் தூங்கு என்றும் பின்னேரம் எரி என்றும் சொன்னால் கேட்கிறவர் எதை எடுப்பது? பேச்சாளர்கள் ஒருவரோடு ஒருவர் முன்கூட்டியே கதைப்பதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. இன்னொன்று, ஓல்ட்டின் மனைவி இலங்கைக்கு வரும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனவர். அன்று அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

துக்க வீடு பற்றிய வகுப்பு சின்னது, நல்லது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் இருந்தார்களே, அதுவரை சரியாகத்தான் செய்தார்கள், வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள் என்றார் பேசியவர். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "தேவ சித்தம்" என்று முதல் நாளே சொன்ன போதகர்களை எங்கள் ஊரிலும் தெரியும். 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் சபையில் குண்டு வெடித்த பிறகு டவுனில் ஒவ்வொரு துக்க வீடாக ஏறி இறங்கிய சிலர் அன்று வகுப்பில் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சமாகப் பேசினார்கள், அதுதான் மனதில் நின்றது.

சட்ட வகுப்பில் கூட்டம் தாங்க முடியாத அளவு. புதிய வழிபாட்டு இடங்கள் கட்டுவது பற்றி 2008 இல் அமைச்சு விட்ட சுற்றறிக்கை, மத சுதந்திரம் பற்றிய அரசியலமைப்பின் 10 ஆம், 14 ஆம் உறுப்புரைகள், பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தால் கோபப்படாமல் எழுத்தில் பதில் கொடுத்துப் பிரதி வைத்துக்கொள்வது எல்லாம் வந்தது. சபையில் ஆசீர்வாத ஜெபம் பண்ணினால் மட்டும் சட்டப்படி விவாகம் ஆகாது, பதிவு வேண்டும், இரண்டு பேருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் அழுத்திச் சொன்னார்கள். அயலவர் விஷயம் தொட்டுக்கொண்டு போனதோடு சரி. எங்கள் கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக மாறி மாறி வரும், எங்கள் ஊரிலேயே ஆடி அமாவாசைக்குச் சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்குச் சனம் திரளும். அந்த நாளில் ஒலிபெருக்கி போட்டு உபவாசக் கூட்டம் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு முழு வகுப்பே வைக்கலாம். ஐந்து நிமிடம்தான் கிடைத்தது.

கையில் கொடுக்கிற புத்தகத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அது சென்னையில் அச்சான வழிகாட்டி. டிரஸ்ட் பதிவு செய்வது, பான் கார்டு எடுப்பது, கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடம் போகிற எங்களுக்கு அதில் பாதி உதவாது. அந்த மூப்பரின் கணக்குத் தாளையும் தாதியின் குறிப்புகளையும் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்திருந்தால் அந்தச் செலவில் பாதிகூட வந்திராது. நான் கேட்டு, அவர்களிடமிருந்தே படம் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் என்னிடம் கேளுங்கள்.

தொடர் முழுக்கப் போக வசதி இல்லாதவர்கள் கணக்கு, நோய், சட்டம் நடக்கிற நாட்களை விசாரித்துப் போங்கள். போதகர்மார் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், பதியும்போதே அவர் பெயரைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு "அடுத்த தொடருக்கு நிரல் போடுறம் அம்மா" என்றார்கள். போடுகிறார்களா பார்க்கிறேன். பின்னேரம் நாலரைக்கு முடியும் என்பது பேச்சுக்குத்தான், ஐந்தரை ஆகும். அக்கரைப்பற்றுக்குத் தெற்கே போகிறவர்கள் முடிவு ஜெபத்துக்கு முந்தியே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள், ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.