என்சிடியு: இடத்தை விழுங்கியவர் யார் என்று காட்டும் இலவசக் கருவி

கிருஷ்ணகிரியில் எங்கள் ஆய்வகத்தில் பதினோரு பேருக்கு ஒரே லினக்ஸ் சர்வர். போன மாதம் ராத்திரி 11 மணிக்கு என் மாவிலைப் படங்களைப் பிரிக்கும் வேலை பாதியில் நின்றது. வட்டில் இடம் இல்லையாம். யாரைக் கேட்டாலும் "நான் இல்லைங்க".

ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்லும் லினக்ஸின் டியு கட்டளை எண்களைக் கொட்டிவிட்டுப் போய்விடும், தேடுவதற்குள் விடிந்துவிடும். என்சிடியு ஃபோல்டர்களைப் பெரியதிலிருந்து அடுக்கி, பக்கத்தில் பட்டை போட்டுக் காட்டுகிறது. என்டர் தட்டித் தட்டி உள்ளே போனால், 600 ஜிபி குற்றவாளி நானேதான்! தோத்தாபுரி மாவிலைப் படங்கள், அதே படங்கள் மூன்று நகல்.

ஒரு பயம் உண்டு. டி விசை அழித்துவிடும். ஒரு முறை கேட்கும், அவ்வளவுதான், குப்பைத்தொட்டி கிடையாது. அதனால் கட்டளையோடு ஹைபன் ஆர் (-r) சேர்த்துத்தான் திறக்கிறேன், அப்போது அழிக்க விடாது.

"ரெய்டு இருக்கே, பேக்கப் எதுக்கு?" என்றார் சீனியர் அண்ணன். பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் ஏற்பாடுதான் ரெய்டு. ஒரு வட்டு கெட்டால் அது காப்பாற்றும். கை தவறி அழித்தால்? எல்லா வட்டிலும் சேர்ந்தே போகும். சரி என்று நகலெடுக்கும் கட்டளையான ஆர்சிங்க்கில் முதலில் ஹைபன் என் (-n) போட்டு ஒத்திகை பார்த்து, அப்புறம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்தேன். அது இப்போது காவேரிப்பட்டணம் வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.