பரிவுக்கு ஸ்டிக்கர்: 320 வெள்ளி விடுமுறை வகுப்பு எப்படி இருந்தது?

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்குப் பரிவும் வாழ்க்கையில் எது முக்கியம் என்பதும் சொல்லித் தருகிறோம் என்று, கடைத்தொகுதி மாடியில் இருக்கும் ஒரு துணைப்பாட நிலையம் விளம்பரம் போட்டிருந்தது. பெயர் வேண்டாம். நான்கு காலை, 320 வெள்ளி. அரசு பிள்ளைகள் பெயரில் போடும் எடுசேவ் கல்விப் பணம் செல்லாது, அது பள்ளி நடத்தும் வகுப்புகளுக்குத்தான், ஆக எல்லாம் கைக்காசு. தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளைச் சேர்த்தேன். கொடுத்த காசில் பாதிக்குத் தேறும்.

தேறியது எது என்றால் ‘கேட்கும்’ பயிற்சி. இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவர் பேச மற்றவர் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும், அப்புறம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நடுவில் “எனக்கும் இப்படித்தான்” என்று சொந்தக் கதையை எடுத்துவிடக் கூடாது. பெரியவர்களுக்கே வராத வித்தை. அந்த வாரம் பாட்டி பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்த கதையை வழக்கம்போல் ஆரம்பித்தார், நாங்கள் ஆளுக்கொரு போனில் இருந்தோம், இவள் மட்டும் “அப்புறம் என்ன ஆச்சு பாட்டி?” என்று கேட்டாள். பாட்டிக்கே சந்தேகம் வந்துவிட்டது. “ஏன்டி, காசு கீசு வேணுமா?”

சொதப்பியது அட்டை விளையாட்டில். குடும்பம், நண்பர்கள், உடல்நலம், பிஎஸ்எல்இ (தொடக்கநிலை ஆறின் இறுதித் தேர்வு), ஐபேட், வளர்ப்புப் பிராணி என்று ஒரு கட்டு அட்டை கொடுத்து, ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக் கடைசியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். யோசனை அருமை. ஒன்றை விடும்போது பிள்ளைக்கு மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும், ஏன் இதை விட்டாய் என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், அங்கேதான் பாடமே. ஆனால் ஆசிரியர் செய்தது, ‘குடும்பம்’ வைத்திருந்தவர்களுக்கு ஒரு தங்க ஸ்டிக்கர். அடுத்த சுற்றில் வகுப்பு முழுக்கக் குடும்பம்தான். “எனக்கு நிஜமா பூனைதான்ப்பா, ஆனா அதுக்கு ஸ்டிக்கர் கிடையாதே” என்றாள் மகள். விடை தெரிந்துவிட்டது, கேள்வி யாருக்கும் தேவைப்படவில்லை.

இதில் எனக்கு எரிச்சல் என்னவென்றால், இந்த ஊர்ப் பள்ளிகளே மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டு வருகின்றன. தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண்ணுக்கு எழுதும் தேர்வு 2019இலிருந்து கிடையாது, அரையாண்டுத் தேர்வும் 2023இல் எல்லா நிலைகளிலும் போய்விட்டது. நாம் காசு கட்டி இரக்கத்துக்கு மதிப்பெண் போடச் சொல்கிறோம்.

இன்னொன்று. கடைசி நாள் ‘துப்புரவாளர் மனதில் என்ன இருக்கும்?’ என்று ஒரு தாள் நிரப்பச் சொன்னார்கள். கூட்டிப்போக வந்த நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன், பக்கத்தில் துடைப்பான் பிடித்தபடி ஓர் ஆண்ட்டி. வகுப்பு விட்டதும் பிள்ளைகள் பிஸ்கட் உறைகளை மேசையிலேயே விட்டுவிட்டு, அவர் அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் சப்பாத்துக் காலோடு ஓடினார்கள், ஆசிரியர் சான்றிதழ் கொடுப்பதில் மும்முரமாக இருந்தார். இதே பிள்ளைகள் பள்ளியில் தினமும் வகுப்பறையைக் கூட்டுகிறவர்கள்தான், 2016இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் அந்த வழக்கம் இருக்கிறது. கூட்டத் தெரியாமல் இல்லை, இங்கே யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாடம் முழுக்க ஆங்கிலம். பெற்றோர் கையேடு என்று நான்கு பக்கம் தந்தார்கள், அதில் ஒன்று அடுத்த வகுப்பின் விளம்பரம்.

காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பிள்ளையைப் பூன் கெங் சாலையிலுள்ள டிக்னிட்டி கிச்சனுக்குச் சாப்பிடக் கூட்டிப்போகலாம். 2010இல் கோ செங் சூன் ஆரம்பித்த உணவு நிலையம், உடற்குறையுள்ளோர் பயிற்சி பெற்றுக் கடைகளில் வேலை செய்கிறார்கள். காது கேளாதவரிடம் சைகையில் ஆர்டர் சொல்ல வேண்டி வரும்போது, எப்போதும் படபடவென்று பேசும் பிள்ளை கையைத் தூக்கித் தடுமாறி, எதிரே இருப்பவர் பொறுமையாகக் காத்திருப்பதைப் பார்க்கும். யாரும் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள், உணவு வரும்.

வெட்கப்பட்டு ஒதுங்குகிற பிள்ளை என்றால் அந்த இருவர் பயிற்சிக்காகவே இந்த வகுப்பில் சேர்க்கலாம். மற்றவர்கள் யோசியுங்கள். நேற்று நிலையத்திலிருந்து வாட்ஸ்அப் வந்தது: ஐந்து நட்சத்திரம் போட்டால் ‘பரிவு நிலை 2’க்கு 10 விழுக்காடு கழிவாம். நான் மூன்று போட்டேன்.