மணிலாவில் அரை நாள்: சாந்தியாகோ கோட்டையா, சான் அகுஸ்தின் தேவாலயமா?

இரண்டும் ஸ்பானியர் கட்டிய பழைய நகரமான இன்ட்ராமுரோஸின் மதிலுக்குள்தான், நடந்தே போய்விடலாம். மனதைக் கனக்க வைப்பது கோட்டை. ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுதிய பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹோசே ரிசாலை இங்கேதான் சிறை வைத்தார்கள். 1896 டிசம்பர் 30 அன்று சுட்டுக் கொல்ல அழைத்துப்போன வழியில் வெண்கலக் காலடிகள் பதித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1945இல், கோட்டை நொறுங்கியது. இன்றைய நுழைவாயில் திரும்பக் கட்டியது.

1607இல் கட்டி முடித்த தேவாலயமோ அதே போரில் தப்பி நின்றது. மதிலுக்குள் இருந்த மற்ற தேவாலயங்கள் எல்லாம் போயின. அண்ணாந்து பாருங்கள். கூரையில் செதுக்கியதுபோல் தெரிவதெல்லாம் வெறும் ஓவியம்! அப்புறம் நமக்கொரு தொடர்பு: 1762இல் மணிலாவைப் பிடித்து இதையும் சூறையாடிய ஆங்கிலேயப் படை கிளம்பியது சென்னையிலிருந்து. ஒன்றுக்குத்தான் நேரமென்றால், என் ஓட்டு தேவாலயத்துக்கு.