ஆங்கிலம் கற்பிக்கக் கலைக் கல்லூரியா, பொறியியல் கல்லூரியா?

எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறியவருக்குத் தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு வாசல்கள்.

கலைக் கல்லூரியில் மற்ற துறை மாணவர்களுக்குப் பகுதி இரண்டு ஆங்கிலம், அதாவது பொது ஆங்கிலப் பாடம், எடுக்க வேண்டும். கூடவே பி.ஏ. ஆங்கில வகுப்பும் கிடைக்கும். ஷேக்ஸ்பியரின் ஒரே காட்சியை மூன்று நாள் நிறுத்தி நிதானமாகப் படிக்கலாம். பொறியியல் கல்லூரியில் அதற்கு இடமில்லை. ஆங்கிலம் பெரும்பாலும் முதலாண்டோடு சரி. கடிதம், அறிக்கை, நேர்முகத் தேர்வுப் பயிற்சி, மொழி ஆய்வகம்.

ஆனால் எழுதக் கற்றுக்கொடுப்பது என்று வந்தால் எனக்குப் பொறியியல் வகுப்புதான் பிடிக்கும். 'ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று விடுப்புக் கடிதத்தை மனப்பாடமாகத் தொடங்குகிறான் ஒரு பையன். உண்மையில் அவன் போவது அக்கா கல்யாணத்துக்கு. அதையே நாலு வரியில் எழுதச் சொன்னால் பேனா நகராது. பக்கத்தில் உட்கார்ந்து அந்த முதல் வரியை அவனையே எழுத வைப்பதில் இருக்கும் நிறைவு பெரிது.

சம்பளம்? அரசுக் கல்லூரியில் நிரந்தரப் பணி என்றால் யு.ஜி.சி. ஏழாவது ஊதியக்குழுப்படி தொடக்க அடிப்படை 57,700 ரூபாய். ஆனால் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். நிரந்தரமில்லாத கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் ஒரே தொகையாகத் தரும் தொகுப்பூதியம்தான். தனியார் பொறியியல் கல்லூரியில் சீக்கிரம் வேலை கிடைக்கலாம். சம்பளம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். எழுத்தில் வாங்கிக்கொண்டு சேருங்கள்.

இலக்கியத்தை விட முடியாதவர்கள் கலைக் கல்லூரிக்கே காத்திருக்கலாம். அந்த இடைவெளியில் பிஎச்.டி.யைத் தொடங்கிவிடுங்கள்.