பழைய மோட்டார்ஹோமுக்கு ‘ஹீட் புரூஃபிங்’ செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பழைய மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) என்ஜின் சூட்டைத் தடுக்க வேலைக்கு விடப்போகிறீர்களா? வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒரு வொர்க்‌ஷாப்பில் முழுப் பணமும் கட்டி நான் ஏமாந்த கதை இது.

என் வண்டி எழுபதுகளின் மாடல். முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் ஒரு மூடி, அதற்குக் கீழே என்ஜின். காற்று போய்வர இடமே இல்லை. மேடு ஏறும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் குழாய்) 500 டிகிரி செல்சியஸை சர்வசாதாரணமாகத் தாண்டும். ஒரு சாண் தள்ளி பெட்ரோல் ஹோஸ், வயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார். “எல்லாத்துக்கும் ஷீல்ட் போட்டுடறோம் சார், இனிமே நீங்க இதை மறந்துடலாம்” என்றார்கள். டெலிவரி எடுத்தபோது மூடிக்குள் எங்கு பார்த்தாலும் வெள்ளி மினுமினுப்பு. பார்க்க என்னவோ ஜோராகத்தான் இருந்தது.

முதல் நீண்ட ஏற்றத்திலேயே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரம்கட்டித் திறந்தால், மூடியின் உள்பக்கம் ஒட்டிய ஃபாயில் பசை விட்டுப் பாதி தொங்குகிறது. அதன் நுனி மேனிஃபோல்டில் பட்டு, கறுத்துச் சுருண்டு, குச்சியால் எடுத்தால் நூல் நூலாக வருகிறது. கட்டடங்களில் கூரைக்கு அடியில் விரிக்கும் பபிள் ஃபாயில் அது! நடுவில் இருப்பது பாலித்தீன், 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். பெட்ரோல் ஹோஸைப் பிடித்திருந்தவை சாதாரண நைலான் ஜிப் டைகள். ஒன்று இளகி அறுந்து, ஹோஸ் மேனிஃபோல்ட் பக்கம் சரிந்திருந்தது. ஹோஸுக்கு ஹீட் ஸ்லீவ் (சூடு தாங்கும் உறை) போட்டதாக பில்லில் இருக்கிறது, வண்டியில் இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேனிஃபோல்டைச் சுற்றி ஃபைபர்கிளாஸ் நாடா கட்டியிருந்தார்கள். வேறொரு மெக்கானிக் அதைப் பிரித்ததும், கேஸ்கெட் (மேனிஃபோல்ட் என்ஜினோடு சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைப்பது) ஒரு மூலையில் பிய்ந்துபோய் சுற்றிலும் கரி படிந்திருப்பது தெரிந்தது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் வருவதைச் சொல்லித்தான் நான் வண்டியையே விட்டேன். கேஸ்கெட்டை மாற்றாமல் நாடாவைச் சுற்றி சத்தத்தை அமுக்கியிருக்கிறார்கள். அந்த ஓட்டை வழியாக வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூடிக்கு இந்தப் பக்கம் குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அயோக்கியத்தனம்.

போட்டோக்களை அனுப்பிக் கேட்டதற்கு “பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்” என்று பதில். அப்புறம் போனே எடுக்கவில்லை.

இரண்டாவது மெக்கானிக் முதலில் கேஸ்கெட்டை மாற்றினார். நாடாவைத் திரும்பக் கட்டவே இல்லை. வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சூட்டை அடைத்து வைத்தால் விரிசல் விடும் என்றார். ஆயில் ஊறினால் நாடா தீப்பிடிக்கவும் செய்யும். அதற்குப் பதில் ஒரு உலோகத் தகட்டை மேனிஃபோல்டிலிருந்து விரல் அகலம் விலக்கி போல்ட் போட்டு நிறுத்தினார். கதிர்வீச்சாக வரும் சூட்டைத் தகடு தடுக்க, இடைவெளியில் ஓடும் காற்று மிச்சத்தைக் கொண்டுபோகிறது. பெட்ரோல் ஹோஸை எதிர்ப்பக்கம் மாற்றி, 260 டிகிரி தாங்கும் சிலிக்கான் பூசிய ஸ்லீவ் மாட்டி, உலோகக் கிளாம்பால் பிடித்தார். ஏற்றத்தில் ஹோஸுக்குள் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுபோவதும் அதோடு நின்றது.

நீங்கள் வேலைக்கு விடும்போது, எதையும் மூடுவதற்கு முன் மேனிஃபோல்டையும் கேஸ்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடியாது என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டப்போகும் ஃபாயிலில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வெட்டவெளியில் லைட்டர் காட்டிப் பாருங்கள். சுருண்டு உருகினால் அது என்ஜின் பக்கமே போகக்கூடாது. வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும், கேபினில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் இன்றைக்கே மாட்டிவிடுங்கள்.