வீட்டு நெட்டுக்கு ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்: கடலூரில் நான் ஏமாந்த விதம்

கூத்தப்பாக்கம், செம்மண்டலம், நெல்லிக்குப்பம் ரோடு பக்கம் இருக்கிறவர்களுக்காக முக்கியமாக இதை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் படியுங்கள், இந்த வியாபாரம் பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை.

நான் வீட்டிலிருந்தே கணக்கு டியூஷன் எடுப்பவள். துபாயிலும் சார்ஜாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் 9 பேர் படிக்கிறார்கள். அவர்களுக்கு மாலை 6 மணி என்றால் நமக்கு ராத்திரி ஏழரை. ஏழரையிலிருந்து பத்து வரை நெட் ஓடினால்தான் எனக்குச் சம்பளம். பகலில் அது எப்படி ஓடினாலும் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்ததே, அதில் எங்கள் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்திருந்த ஃபைபர் எல்லாம் அறுந்து தொங்கியது. பழைய லைன்காரர் ஆளே அனுப்பவில்லை. பொங்கல் கழிந்து இன்னொருவர் வந்தார். இந்தப் பக்கம் வெகுநாளாக கேபிள் டிவி நடத்துகிறவர், தெரிந்த முகம். "நூறு எம்பிம்மா, அன்லிமிடெட். மாசம் 600. ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ, மோடமும் ஃப்ரீ" என்றார். இந்த எம்பி என்பது வேகக் கணக்கு, நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று. பத்து மாதத்துக்கு 6,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,080. ஆக 7,080 ரூபாயை அவர் சொன்ன செல் நம்பருக்கு ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, "கம்பெனிலேருந்து மெயில்ல வரும்மா" என்றார். வரவே இல்லை. ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டு பில் தராதவரை நான் அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பத்து நாள் நன்றாக ஓடியது. அப்புறம் எட்டு மணி தாண்டினால் என் குரல் அந்தப் பக்கம் துண்டு துண்டாகக் கேட்க ஆரம்பித்தது. பின்னக் கூட்டலைப் படிப்படியாகப் போட்டுக் காட்டிக்கொண்டிருப்பேன், "மிஸ், நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்பான் பையன். மறுபடி முதலிலிருந்து சொல்வேன். நாற்பது நிமிஷ வகுப்பில் பதினைந்து நிமிஷம் இதிலேயே போகும். இரண்டு அம்மாக்கள் மாத நடுவிலேயே பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, காசு கொடுக்கிறவர்கள்.

கேபிள்காரருக்குப் போன் செய்தால் லைன் பையனை அனுப்புவார். பையன் வருவது காலை 11 மணிக்கு. என் லேப்டாப்பில் ஒயரைச் செருகி ஸ்பீட் டெஸ்ட் போடுவான், 94 காட்டும். "பாருங்கக்கா, நூறு வருது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். மூன்று தடவை இப்படியே நடந்தது. மூன்றாவது தடவை எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது, லேப்டாப்தான் கெட்டுவிட்டதோ என்று.

அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் ராத்திரி எட்டரைக்கு, வைஃபை இல்லாமல் ஒயர் செருகி, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டெஸ்ட். மூன்று வாரத்தில் டவுன்லோடு 6 முதல் 11 வரை வந்தது. அப்லோடு ஒன்று, ஒன்றரை. விளம்பரத்தில் போடுகிற எண் டவுன்லோடு எண்தான். வகுப்பு எடுக்கிறவருக்கு, வீடியோ மீட்டிங்கில் பேசுகிறவருக்கு, அப்லோடுதான் உயிர். அது எவ்வளவு என்று கேட்க வேண்டும் என்பதே லைன் எடுக்கும்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். என் வகுப்பு திணறுகிற அதே நேரத்தில் மாமியார் பார்க்கிற யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடும். அதனால் வீட்டில் யாரும் என் பேச்சை நம்பவில்லை. காரணம் பிற்பாடு புரிந்தது. யூடியூபில் பலரும் பார்க்கிற வீடியோக்களின் நகலை நெட் கம்பெனிகளின் இடத்திலேயே கேஷ் சர்வர் வைத்து கூகுள் சேமித்து வைக்கிறது. அது வெளியே போகாமல் பக்கத்திலிருந்தே வந்துவிடும். ஸ்பீட் டெஸ்டும் தானாகப் பிடிப்பது பெரும்பாலும் பக்கத்து சர்வரைத்தான். கம்பெனியைத் தாண்டி வெளியே போகிற வழி எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சர்வரை நாமே மாற்றி மும்பை, சிங்கப்பூர் என்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தபோது ராத்திரியில் எனக்கு 4 வரைகூட இறங்கியது.

ஒரு நாள், ராத்திரி எட்டு மணிக்கு வந்தால்தான் ஆச்சு என்று பிடிவாதமாகச் சொல்லிப் பையனை வரவழைத்தேன். மோடத்திலிருந்து மஞ்சள் ஃபைபர் ஒயரைக் கழற்றி, அதில் வருகிற ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரில் செருகினான். மைனஸ் 19 காட்டியது. "லைட் சூப்பரா இருக்குக்கா. மைனஸ் 27-க்குக் கீழ போனாத்தான் பிரச்சினை" என்றான். அப்போ வேகம் எங்கே தம்பி போகிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மீட்டரைப் பையில் போட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணனுக்கு மேலேருந்து வர்றதே மொத்தம் ரெண்டு ஜிபிதான்க்கா. கனெக்‌ஷன் ஆயிரத்து இருநூறு தாண்டிடுச்சி. ராத்திரி எல்லாரும் உக்காந்தா எங்கேருந்து வரும்?" என்றான்.

நீங்களே போட்டுப் பாருங்கள். இங்கே ஜிபி என்பதும் வேகம்தான், 2 ஜிபி என்றால் 2,000 எம்பி. 1,200 வீட்டில் பாதி வீடு ஒரே நேரத்தில் நன்றாக இழுத்தால் வீட்டுக்கு 3 எம்பி சொச்சம்.

நெட் கம்பெனிகள் வேகத்துக்கு ஏன் கட்டுப்பாடு வைக்கிறார்கள் என்று இதற்கு மேல்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் வருகிற அந்தக் கண்ணாடி இழைக்கு 100 என்று ஒரு எல்லை கிடையாது. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபிஓஎன் முறையில், கம்பெனிக் கருவியின் ஒரு போர்ட்டிலிருந்து கிட்டத்தட்ட 2,500 எம்பி வரும். கம்பத்தில் இருக்கும் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் வைத்து அதை 32, 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு 50, பக்கத்து வீட்டுக்கு 100 என்பது கம்ப்யூட்டரில் உங்கள் ஐடிக்கு எதிரே தட்டி வைத்த ஒரு எண். கம்பெனிக்கு உண்மையில் செலவு வைப்பது வெளி உலகத்தோடு இணைக்கிற பேண்ட்வித். சிங்கப்பூர் பக்கமிருந்து வரும் கடலடிக் கேபிள்கள் கரையேறுவது சென்னையில். கம்பெனிகளின் பெரிய இணைப்புகளும் அங்கேதான். அங்கிருந்து நம் ஊர் வரைக்கும் எவ்வளவு வாங்குகிறோமோ அவ்வளவுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். அதுவும் ராத்திரி எட்டு மணிக் கூட்டத்தைக் கணக்கு வைத்து வாங்க வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் முழு 100-ஐ எந்நேரமும் எடுத்து வைக்க எந்தக் கம்பெனியாலும் முடியாது, அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைத்தால் எழுநூறு இலைக்குத்தான் சமைக்கிறோம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-ல் கொடுத்த வழிகாட்டுதலில் வீட்டு இணைப்புகளுக்கு 50-க்கு 1 என்ற விகிதம் வரை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதாவது ஒருவருக்கான வேகத்தை 50 பேர் பகிர்ந்துகொள்ளலாம். போதாததற்கு, 2023 ஜனவரியிலிருந்து 2 எம்பி இருந்தாலே அது பிராட்பேண்ட் என்பதுதான் அரசின் விளக்கம். ராத்திரி எனக்கு வந்த 6 எம்பியும் அந்தக் கணக்கில் பிராட்பேண்ட்தான். ஆனால் இலை போட்டு உட்கார வைத்தவர்களுக்குச் சோறு இல்லை என்று தெரிந்த பிறகும் கேபிள்காரர் வாசலில் நின்று இன்னும் ஆட்களைக் கூப்பிடுகிறாரே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர் தன் லிமிட்டை மறைத்து, என் லிமிட்டை மட்டும் விற்றார்.

இதைப் பற்றிக் கேபிள்காரரிடம் கேட்டபோது கோபப்படவே இல்லை. "200 எம்பி பிளான் எடுத்துக்கம்மா, எல்லாம் சரியாயிடும். 300 ரூபாய் சேத்துப் போடு" என்றார். வகுப்பு நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் போட்டேன். பத்து நிமிஷத்தில் "போட்டாச்சு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்று போன் வந்தது. மறுநாள் காலை அதே 94. ராத்திரி அதே 7.

அன்றைக்குத்தான் மோடத்தை முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த லேபிளில் ஒயர் செருகுகிற லேன் போர்ட்டுக்கு நேரே 10/100 என்று இருந்தது. அந்தப் போர்ட் வழியாக 100-க்கு மேல் போகவே போகாது, கையில் கிடைப்பது 94, 95 தான். வைஃபையும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள பழைய வகை. அந்தப் பெட்டியை வைத்துக்கொண்டு எனக்கு 200 விற்றிருக்கிறார்.

லேபிளுக்குப் பக்கத்தில் மார்க்கர் பேனாவில் என் யூசர் ஐடியைப் பையன் எழுதி வைத்திருந்தான். அதைச் சொல்லிக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கே போன் செய்தேன். பதிவான செல் நம்பர் என்னுடையது இல்லை என்றார்கள். கடைசி நான்கு எண்ணைக் கேட்டால், கேபிள்காரர் நம்பர். அடையாள அட்டை நகல் எல்லாம் அனுப்பி, நம்பரை மாற்றி, ஒரு வாரம் கழித்துத்தான் விவரம் சொன்னார்கள். வருஷத் திட்டம் எதுவும் என் பேரில் இல்லை, மாதாமாதம் ரீசார்ஜ் ஆகிறது. 200-க்கு மாற்றவே இல்லை. அப்புறம், பிளான் 300 ஜிபி டேட்டா வரைதான் 100 எம்பி வேகம், அது தீர்ந்தால் 2 எம்பி. மாதக் கடைசியில் பகலிலும் நெட் ஊர்ந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான், அதைத்தான் "சர்வர் வேலை நடக்குது" என்று என்னிடம் சொல்லிவந்தார்கள். டேட்டா எவ்வளவு, தீர்ந்த பிறகு வேகம் எவ்வளவு என்பதை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று டிராய் 2016 அக்டோபரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. எனக்கு வர வேண்டிய செய்திகள் எல்லாம் அவர் போனுக்குப் போயிருக்கின்றன.

என் 7,080 ரூபாய் அவர் கையில். அவர் நாளைக்கே கடையை மூடினால் கம்பெனியின் கணக்கில் நான் ஒரு மாத வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

இப்போது நடப்பது: கம்பெனியில் புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கினேன். பதில் திருப்தியாக இல்லாததால் அவர்களுடைய மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன். இதற்கும் மசியாவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையம்தான். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு சேவைப் புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கையில் இருப்பது ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மூன்று வார நோட்டு. வாட்ஸ்அப்பில் அவர் "100 அன்லிமிடெட் 1 இயர்" என்று தட்டி அனுப்பியதை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. நீங்களும் வாயால் பேசியதை ஒரு தடவை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதுவரை திரும்பி வந்தது அந்த 300 மட்டும்.

வேறு லைன் எடுத்துவிட்டேன், மாதக் கட்டணத்தில், என் நம்பரில், பில்லோடு. எடுப்பதற்கு முன் பக்கத்துத் தெருவில் அதே லைன் வைத்திருக்கும் ஒரு வீட்டுக்கு ராத்திரி எட்டரைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டு ஒயரைச் செருகி மும்பை சர்வரில் பார்த்தபோது டவுன்லோடு 61, அப்லோடு 48. அது 60 எம்பி பிளான். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்து, எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். அவர் தங்கையும் அதே கேபிள்காரரிடம் வருஷப் பணம் கட்டியிருக்கிறார்.

போன வாரம் எங்கள் தெருமுனை மளிகைக் கடைச் சுவரில் புது நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "300 எம்பி அன்லிமிடெட், வருஷம் கட்டினால் 3 மாதம் இலவசம்." கீழே இருந்த செல் நம்பரை என் ஜிபே ரசீதோடு வைத்துப் பார்த்தேன். அதே நம்பர்.